எதுவரைக்கும்

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, பால் வரவில்லை. புனல் மாதிரி இருந்த அந்த பிளாஸ்டிக் வாய் தெய்வானையின் இடது மார்பைக் கவ்வி இழுப்பதும் விடுவதுமாக இருந்தது. இழுக்கும்போது ஓர் உறுமல், விடும்போது ஒரு சின்ன டப், மறுபடி உறுமல். இரண்டு சொட்டு வந்து குப்பியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மனமில்லாமல் நின்றன. பயந்தால் பால் இறங்காது என்று பிரிஜிட் சிஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தாள். பிள்ளைய நெனச்சுக்கோங்கம்மா, தானா இறங்கும். பிள்ளையை நினைத்தால்தானே பயமே வருகிறது, அதை அந்த நர்ஸம்மாவிடம் எப்படிச் சொல்ல. தெய்வானை கண்ணை மூடினாள். மூடினால் சுவருக்கு அந்தப் பக்கம், குறைமாதப் பிள்ளைகளின் வார்டில் இருக்கும் மெஷின்கள் எல்லாம் காதுக்குள் வந்துவிடுகின்றன. அவற்றில் தன் மகனின் மெஷின் எது என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மற்றதெல்லாம் டிங் டிங் என்று கூப்பிடும், அவனுடையது மட்டும் கொஞ்சம் கட்டையாக, தொண்டை கம்மியவர் கூப்பிடுவது மாதிரி. அது இப்போது கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் நல்லது. நல்லதா? கூப்பிடாமலே போய்விட்டால்? கண்ணைத் திறந்தாள். எதிர்ச் சுவர்க் காலண்டரில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்தது. அதன் ஒரு தொடை அவன் முழு உடம்பைவிடப் பெரியது. இந்த அறையில் இதை மாட்டியவர் யாராக இருந்தாலும் நல்ல எண்ணத்தில்தான் மாட்டியிருப்பார். மற்ற தாய்மார்கள் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு இட்லி வாங்கப் போய்விட்டார்கள். பச்சைத் திரைச்சீலைக்குள் அவள் ஒருத்திதான், மடியில் ஒரு துண்டு, துண்டின் மேல் போன்.

ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு வருகிறேன் என்று டாக்டர் வேதமாணிக்கம் சொல்லியிருக்கிறார். வந்தால் பதில் சொல்ல வேண்டும். நேற்றுச் சாயந்திரம் அவளையும் அவள் புருஷன் ஆவுடையப்பனையும் தன் அறைக்குக் கூப்பிட்டவர், மேஜைக்கு அந்தப் பக்கம் போகாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு இவர்கள் பக்கமாகவே உட்கார்ந்தார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சேதி என்றால் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போயிருப்பார். "தலை ஸ்கேன்ல ரெண்டு பக்கமும் ரத்தக் கசிவு தெரியுதும்மா. சின்னது இல்ல. நுரையீரலும் மெஷினுக்கு ஒத்து வரமாட்டேங்குது. இருபத்துநாலு வாரத்துல வந்த புள்ளைக்கு இதெல்லாம் நடக்கக் கூடியதுதான், நீங்க செஞ்ச தப்புன்னு ஒண்ணும் கிடையாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே இதயம் படுத்துச்சுன்னா நெஞ்ச அமுக்கி எழுப்பிப் பாக்கணுமா, நுரையீரலைச் சுத்திக் காத்து கோத்துக்கிட்டா துளை போட்டு எடுக்கணுமா, இல்ல வலி தெரியாம வச்சுக்கிட்டு அவன் போக்குல விட்டுரலாமா. எதுவரைக்கும் போகலாம்னு நீங்க ரெண்டு பேரும் பேசி வைங்க." எதுவரைக்கும். அந்த ஒரு சொல் ராத்திரி முழுக்க அவளுக்குள் கிடந்து உருண்டது. தினமும் காலையில் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் கேட்கிற சொல் அது. எதுவரைக்கும்மா? அவள் இடத்தைச் சொல்வாள், அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். இவர் கேட்கும்போதும் ஏதோ ஓர் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும்போல வாயைத் திறந்து மூடினாள். பிறகு டாக்டர் இன்னொன்று சொன்னார், அதுதான் எல்லாவற்றையும்விடக் குத்தியது. "உங்களுக்கு நான் விளக்கணும்னு இல்ல தெய்வானை. நீங்க பிஸியோதெரபிஸ்ட். இந்த மாதிரிப் பிள்ளைங்களோடதான் இருக்கீங்க."

இருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்தச் சிறப்புப் பள்ளியில்தான் வேலை. விறைத்த கால்களை மெல்ல மெல்ல நீட்டுவது, வளைந்த முதுகை நாற்காலியில் நிமிர்த்துவது, சோறு தொண்டையில் சிக்காமல் தலையைப் பிடித்துக்கொள்வது எப்படி என்று தாய்மாருக்குச் சொல்லிக் கொடுப்பது. முதல் நாள் வருகிற தாய்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வருவார்கள். பிள்ளையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, வாசலில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு. தெய்வானை அந்தத் துப்பட்டாவை விலக்குவாள். நடக்கிறது மட்டும்தான் வாழ்க்கையாம்மா? பேசுனாத்தான் மனுசனா? என்ன வேணும்னு அவன் மூஞ்சி சொல்லும், நீங்க அதப் படிக்கக் கத்துக்கோங்க, வேற ஒண்ணும் வேண்டாம். எத்தனை தாய்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அழுதிருக்கிறார்கள், கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த நாள் துப்பட்டா இல்லாமல் வந்திருக்கிறார்கள். அதெல்லாம் பொய்யா? பொய் இல்லை. இப்போதும் பொய் இல்லை. அப்புறம் ஏன் நேற்று டாக்டர் 'ரெண்டு பக்கமும்' என்று சொன்ன மறு நொடியே, ஆவுடையப்பன் என்ன சார் என்ன சார் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவளுக்குள் ஒரு குரல் தெளிவாக, யாரோ அடுத்த நாற்காலியிலிருந்து பேசுவதுபோல, போயிட்டா நல்லது என்றது? ஒரே நொடிதான். உடனே அதன் வாயைப் பொத்திவிட்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். சொன்னது யார்? பெற்றவளா? பிஸியோதெரபிஸ்டா? அறிவு சொன்னதா, பயம் சொன்னதா? அறிவு என்றால் அதன்படி செய்யலாம். பயம் என்றால்? பள்ளிக்கூடத்து ஜெரினின் கால்களை வருஷக்கணக்காக நீட்டிவிட்ட கை இது. ஜெரினுக்குப் பதினொரு வயசு, இன்னும் தூக்கித்தான் உட்காரவைக்க வேண்டும், இவளைப் பார்த்ததும் உடம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு சிரிப்பான். ஊரார் பிள்ளை என்றால் சிரிப்பு தெரிகிறது, தன் பிள்ளை என்றதும் முறுக்கல் மட்டும் தெரிகிறதா உனக்கு? அப்படியென்றால் இத்தனை நாளும் நீ அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததே சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற தைரியத்தில்தானா? மோட்டார் உறுமியது. டப். மூன்றாவது சொட்டு.

ஆவுடையப்பனுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. மின்வாரியத்தில் வயர்மேன், கம்பத்தின் உச்சியில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு பீடி கேட்கிற ஆள். நேற்று ராத்திரி ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டு அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நடக்கலைன்னா நான் தூக்கிட்டுப் போறேன், தெய்வா. எனக்கு என்ன கேடு? உங்க பள்ளிக்கூட ஆண்டு விழாவுல அந்த ஜெரின் பயல அன்னைக்குப் பூரா தூக்கிக்கிட்டுத்தான நின்னேன். பேசலைன்னா நான் பேசுதேன். அவன் இருந்தாப் போதும்." அவனுக்கு அவ்வளவு சுலபமாக வந்தது, அவளுக்கு வரவில்லையே என்று அவமானமாக இருந்தது. நீதான சொல்லுவ, அந்தப் புள்ளைகளும் சந்தோசமாத்தான் இருக்குன்னு? என்று அவன் கேட்டான், குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். அவள் ஆமா என்றாள். ஆமாதான். ஆறு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. ஆவுடையப்பன் தன் அக்காவுக்குத் தினமும் போன் போட்டு சேதி சொல்வான். இன்னிக்கு ஒரு கண்ணு திறந்துட்டான்க்கா. ஒட்டிக்கிட்டிருந்த இமை பிரிஞ்சிட்டு. இன்னிக்குக் கைய மடக்கினான். இன்னிக்குக் கொட்டாவி விட்டான்க்கா, இந்தா பெருசா, பெரிய மனுசன் மாதிரி. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கொட்டாவி. தெய்வானையின் மனசு அந்த இடத்துக்கு வந்ததும் காலில் ஏதோ தட்டியதுபோல நின்றது, நின்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. குப்பியைப் பார்த்தாள். வலது பக்கத்துக்கு மாற்றலாமா? மாற்றினாள். பிளாஸ்டிக் குளிர்ச்சியாகப் பட்டதும் உடம்பு சிலிர்த்தது. அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் வெதுவெதுப்பாக இருக்கும், அவளுடைய வயிற்றுக்குள் இருந்த சூட்டையே வைத்திருப்பதாகச் சொன்னார்கள். கை விடுகிற வட்டத் துவாரத்தின் வழியாக ஒரு விரலை நுழைத்து அவன் உள்ளங்காலில் வைத்தால் உந்துவான். வயிற்றுக்குள் உந்தியது தெரிய ஆரம்பித்து நாலு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் வெளியே வந்துவிட்டான். ஆவுடையப்பன் இதுவரை அவனைத் தொடவில்லை. என் கை சொரசொரன்னு இருக்கு, பிள்ளைக்குத் தோலு கிழிஞ்சிரும் என்பான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்ப்பான். அதனால்தான் அவன் கண்ணுக்கு அது கொட்டாவி, இல்லை, அது வேண்டாம் இப்போது.

போன் அதிர்ந்தது. டாக்டர்தான் கூப்பிடச் சொல்லி யாரோ அடிக்கிறார்கள் என்று தோன்றியது. பார்த்தால் குளோரி அக்கா, ஜெரினின் அம்மா. எடுக்க வேண்டாம் என்று நினைத்தாள், எடுத்துவிட்டாள். "டீச்சர், சாப்பிட்டியளா?" பிஸியோதெரபிஸ்ட் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், தாய்கள் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். "சாப்பிட்டேன்க்கா." "தம்பி எப்படி இருக்கான்?" "அப்படியேதான் இருக்கான்." "உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்கோம் டீச்சர். ஜெரின் இங்க ஒரே ரகளை, உங்களுக்குப் பதிலா வந்த தங்கச்சியக் காலத் தொட விடமாட்டேங்கான், உங்க பேரச் சொன்னா வாசலப் பாக்கான்." அந்தப் பக்கம் பின்னணியில் அவன் சத்தம் கேட்டது, அந்த நீண்ட ஆ. தெய்வானைக்கு அதில் கோபம் எவ்வளவு, விளையாட்டு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும். சட்டென்று கேட்டுவிட்டாள், கேட்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? ஜெரின் பொறந்து பெட்டிக்குள்ள கெடந்தான்ல. அன்னைக்கு டாக்டர் உங்ககிட்ட, போதுமா, இதுக்கு மேல வேண்டாமான்னு கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பிய?"

அந்தப் பக்கம் ஜெரினின் சத்தம் தள்ளிப் போனது, குளோரி அக்கா போனோடு வெளியே வந்திருக்க வேண்டும். பிறகு குளோரி அக்காவின் குரல் வந்தது, ஜெபக் குரல் இல்லை, வேறு குரல். "உங்ககிட்ட கேட்டுட்டாவளா டீச்சர்?" தெய்வானை ம் என்றாள். "எங்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா... அன்னைக்கு இருந்த குளோரி வேண்டாம்னுதான் சொல்லியிருப்பா. எங்க வீட்டுல என்ன பேச்சுப் பேசினாவ தெரியுமா, நான் கெணத்தடியில போயி நின்னவ. இன்னைக்கு இருக்கிற குளோரி அங்க இருந்திருந்தா அவள இழுத்துப் போட்டு அடிச்சிருப்பா." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ரெண்டு பேருமே நான்தான் டீச்சர். எவ சொல்லுதது சரின்னு நான் எப்படிச் சொல்ல?" அப்புறம் அவசரமாக, "நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். எம் பேச்சக் கேட்டு எதுவும் பண்ணிராதிய. வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாள். தெய்வானை போனை மடியில் போட்டாள். எதையும் செய்துவிடாதே என்று சொன்னவளின் பேச்சைத்தான் மனசு பிடித்துக்கொண்டது. அடித்திருப்பாளாம். இவளையும் அடிப்பாளோ? நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய், ஜெரினின் காலைத் தொடும்போது, குளோரி அக்கா பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், பார்ப்பாள். உம் புள்ளைக்கு வேண்டாம்னுட்டு எம் புள்ளைக்கு வாழ்க்கையச் சொல்லிக் குடுக்கியாக்கும். அந்தப் பார்வையோடு எப்படி வேலை செய்வது? இல்லை, எல்லாம் செய்யுங்கள் என்று சொல்லிவிடலாம். நெஞ்சை அமுக்குங்கள், துளை போடுங்கள், கடைசிவரை போங்கள். அப்படிச் சொன்னால் யாருடைய முகத்தையும் பார்க்கலாம், ஆவுடையப்பன் முகத்தை, குளோரி அக்கா முகத்தை. சொல்லிவிடுவோம். மனசு ஒரு நிமிஷம் லேசானது. லேசானதும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இது யாருக்காக? எல்லோர் முகத்தையும் பார்க்க முடிவதற்காக அவன் நெஞ்சை அமுக்க வேண்டுமா? கட்டைவிரல் அளவு நெஞ்சு அது. முதலில் பயத்துக்காக வேண்டாம் என்றாய், இப்போது கௌரவத்துக்காக வேண்டும் என்கிறாய், இரண்டிலும் அவன் எங்கே? அவனைத் தவிர எல்லோரையும் நினைத்தாகிவிட்டது. அவன் முகத்தை. என்ன வேணும்னு அவன் மூஞ்சி சொல்லும். மனசு மறுபடி அந்த இடத்துக்கு வந்து நின்றது, இந்தத் தடவை திரும்பிக்கொள்ள இடமில்லாமல் நின்றது. உனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். அது கொட்டாவி இல்லை.

என்ன ஏது என்று தெரியாமல் இரண்டு மார்பிலும் ஊசி குத்துவதுபோல ஒரு சுரீர், பால் இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டாக இல்லை, இழையாக. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டைக் குரலில் மெஷின் கூப்பிட ஆரம்பித்தது.

அவள் மோட்டாரை நிறுத்தினாளா, நைட்டியின் ஜிப்பை மேலே இழுத்தாளா என்பதெல்லாம் பிறகு நினைவில் இல்லை. கை கழுவியது மட்டும் நினைவிருக்கிறது, முழங்கைவரை சோப்புப் போட்டு, ஓடினாலும் அதைச் செய்யாமல் உள்ளே விடமாட்டார்கள். கதவருகே பெஞ்சிலிருந்து ஆவுடையப்பன் எழுந்து, "என்ன, என்ன?" என்று தானும் கை கழுவிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தான். உள்ளே பிரிஜிட் சிஸ்டர் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டிருந்தாள். "ஒண்ணுமில்லம்மா, குழாயில சளி அடைச்சிட்டு. எடுத்தாச்சுன்னா ஆக்ஸிஜன் ஏறிரும், பயப்படாதிய." மெல்லிய நூல்போன்ற குழாய் ஒன்று அவன் வாயிலிருந்த குழாய்க்குள் இறங்கியது. அவன் உடம்பு முழுவதும் கருநீலமாகி, கை இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, விரல்கள் விறைத்தன. நெற்றி சுருங்கியது. புருவம் இருக்க வேண்டிய இடம் மேலேறிக் குவிந்தது. கண் இடுங்கியது. பிறகு வாய் திறந்தது, குழாயைச் சுற்றி, முடிந்தவரை அகலமாகத் திறந்தது, நாக்கு நடுங்கியது, சத்தமே இல்லை. குரல்நாண்களுக்கு நடுவே குழாய் போகிறதே, சத்தம் எப்படி வரும்? பேச்சில்லாத பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துப் பார்த்தே பிழைத்தவள் அவள். இந்த முகத்தை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஆவுடையப்பன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "பாத்தியா, பாத்தியா, கொட்டாவி விடுதான்" என்றான். அவன் குரலில் அழுகையும் இருந்தது, அந்த அழுகைக்கு மேல் ஒரு சிரிப்பும் இருந்தது. பிரிஜிட் சிஸ்டர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள், தெய்வானையைப் பார்த்தாள், மறுபடி குழாய் மேல் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும், அவனுக்குச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

"ஏங்க."

"ம்?"

"அது கொட்டாவி இல்லங்க. அழுதான்."

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தான். விளங்கவில்லை. மறுபடி பெட்டிக்குள் பார்த்தான். வாய் இன்னும் திறந்துதான் இருந்தது. விளங்குவது அவன் முகத்தில் மெதுவாக மேலே ஏறி வருவதை அவள் பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம். "அன்னைக்கும்?" என்று கேட்டான். "ம்." "நான் அக்காகிட்ட எல்லாம் சொன்னேனே. சிரிச்சேனே." அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும், நான் சொல்லல. நீங்க சந்தோசமா இருந்திய." அவன் கையை உதறவில்லை. மெஷினில் எண் ஏறவேண்டிய அளவுக்கு ஏறவில்லை. பாதியில் நின்று, கொஞ்சம் இறங்கி, அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் வேதமாணிக்கம் ரவுண்ட்ஸை விட்டுவிட்டு வந்தார். மெஷினைத் திருகினார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பின் சின்ன முனையை வைத்துக் கேட்டார், பிரிஜிட் சிஸ்டரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். அறைக்குப் போகலாம் என்று அவர் வாயெடுக்கும் முன் தெய்வானை கேட்டாள், "இங்கயே சொல்லுங்க சார். அவனுக்கு வலிக்குதா?" அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார், அதற்காகவே அவளுக்கு அவர்மேல் மரியாதை வந்தது. "மருந்து குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா ஆமா, சளி எடுக்கும்போது வலிக்கும். ஊசி குத்தும்போது வலிக்கும். மருந்தக் கூட்டினா ரத்த அழுத்தம் இறங்குது." "நடப்பானா பேசுவானான்னு நான் கேக்கல சார். அதுக்காக நான் எதையும் விடமாட்டேன்." அப்படிச் சொல்லும்போது தன் குரல் நடுங்காததை அவளே கவனித்தாள். இதுதான் உண்மையா என்று மனசு ஒரு தரம் கேட்டது, பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. "இவ்வளவு வலியும் பட்டா அவன் பொழைச்சு வீட்டுக்கு வருவானா? அத மட்டும் சொல்லுங்க." ஆவுடையப்பன் குறுக்கே வந்தான், கையைக் கூப்பியிருந்தான். "எம் புள்ள நடக்க வேண்டாம் சார். பேச வேண்டாம். உசுரோட இருந்தாப் போதும் சார்."

"அத மட்டும்தான் என்னால தர முடியாதுன்னு நினைக்கேன்," என்றார் டாக்டர். கண்ணாடியை மறுபடி கழற்றினார், துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார். "மெஷின் அதோட உச்சத்துல இருக்கு. இனிமே நாங்க செய்றது எல்லாம் நேரத்த நீட்டும், அவனத் தேத்தாதுன்னுதான் படுது. நான் தப்பாவும் இருக்கலாம். இதுக்கு முன்னால ஒண்ணு ரெண்டு தடவ தப்பா இருந்திருக்கேன். அதனாலதான் நானே முடிவு பண்ணாம உங்ககிட்ட வந்து நிக்கேன்." தப்பாவும் இருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும். அதற்குள் ஒரு பொடிச் சந்து இருந்தது, மனசு உடனே அதற்குள் நுழைந்து ஓடப் பார்த்தது: அந்த ஒண்ணு ரெண்டில் இவனும் ஒருவனாக இருந்தால்? ஒரு நாள் கழித்து நுரையீரல் விரிந்துவிட்டால்? அந்த ஒரு நாளை எதைக் கொடுத்து வாங்குவது? சத்தமில்லாத அந்த வாயைக் கொடுத்து. எத்தனை தடவை? அவளுக்குத் தெரியாது. ஒருபோதும் தெரியப்போவதில்லை. தெரிந்த பிறகு முடிவு செய்யலாம் என்று இவ்வளவு நேரமும் அந்தத் திரைச்சீலைக்குள் உட்கார்ந்திருந்தாள், தெரியாமல்தான் செய்ய வேண்டும் என்பது இப்போதுதான் உறைத்தது. அவள் ஆவுடையப்பனைப் பார்த்தாள். அவன் டாக்டரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்க்கவில்லை, பெட்டிக்குள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தடவையாக அதைப் படிக்கிறவனைப்போல, எழுத்துக்கூட்டி. வெகுநேரம் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான், மெதுவாக, ஒரே தரம்.

"நெஞ்ச அமுக்க வேண்டாம் சார்," என்றாள் தெய்வானை. "புதுசா துளை, குழாய் எதுவும் வேண்டாம். ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டாம். வலிக்கு வேணுங்கிற மருந்தக் குடுங்க, அழுத்தம் இறங்கினா இறங்கட்டும். மெஷின நீங்க எடுக்க வேண்டாம், அது இருக்கட்டும். அவன எங்கிட்ட குடுங்க."

பிரிஜிட் சிஸ்டர் ஒரு சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள், நாற்காலியைச் சுற்றித் திரையை இழுத்தாள். பெட்டியின் மூடியைத் திறந்து, வயர்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி, இரண்டு பேர் குழாயைப் பிடித்துக்கொள்ள, அவனைத் தூக்கி தெய்வானையின் நெஞ்சில் வைத்தார்கள். எடையே இல்லை. சூடு மட்டும் இருந்தது, ஈரமான ஒரு சூடு, ஒரு கைக்குட்டை அகலத்துக்கு. அவள் மேல்துணியால் அவனை மூடினாள். மருந்து இறங்க இறங்க அவன் நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது, விறைத்திருந்த விரல்கள் விரிந்து அவள் தோலில் படிந்தன. இவ்வளவு நாளும் அவள் பார்த்த முகம் இது இல்லை என்று தோன்றியது. வலி போனபிறகு அவனுக்கு ஆவுடையப்பனின் மோவாய் இருந்தது. அதை அவள் சத்தமாகச் சொன்னாள். ஆவுடையப்பன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, "ஆமா, எங்கப்பா மோவாய்," என்றான். வெளியே வார்டில் யாரோ பெயர் சொல்லி மருந்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. சரியாகச் செய்கிறோமா என்று மனசு கேட்டுக்கொண்டேதான் இருந்தது, கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் அவள் அதைக் கவனிக்காமல் அவன் முதுகில் விரலை வைத்து மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். எண் இறங்குவதைப் பார்க்க முடியாதபடி பிரிஜிட் சிஸ்டர் அதைத் திருப்பி வைத்திருந்தாள். நெஞ்சோடு நெஞ்சாக இருந்ததால் தெய்வானைக்கு எண் தேவைப்படவில்லை. அந்தப் படபடப்பு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது. பிறகு அவளுடையது மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்து குனிந்து, துணிக்குள் ஸ்டெதாஸ்கோப்பை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிறைய நேரம் கேட்டார். தலையசைத்தார். வாயிலிருந்த குழாயை எடுத்து, ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எண்ணெய் தொட்டு இளக்கி உரித்தார். உதடு இரண்டும் மூடிக்கொண்டன. ஆவுடையப்பன்தான் எழுந்தான். எழுந்து, அவள் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் வேட்டியில் துடைத்தான். "எங்கிட்ட ஒரு தடவ குடு," என்றான். அவள் எழுந்து நாற்காலியை விட்டாள். அவன் உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான், இரண்டாவதைக் கழற்றினான், மூன்றாவது அவன் விரலுக்கு வசப்படவில்லை. தெய்வானை பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, குனிந்து, மற்ற கையால் அந்தப் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.